லிஸ்ட்டில் ஏறாத டிரைவர்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருடைய உண்மையான பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லார் வாயிலும் அவர் ‘லிஸ்ட்டு’. வாசலில் டோக்கன் கொடுக்கிறவர் முதல், மாடியில் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்தே முதுகு வளைந்துபோன டெக்னீஷியன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பார்.

பேர் சும்மா வரவில்லை. வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார். கேஸ், குழாய், இஸ்திரிப் பெட்டி, ஜன்னல், சாவி. வெளியே கிளம்பும்போது ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் படித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். தெருமுனை வரைக்கும் போனபிறகு, காகிதத்தை ஒழுங்காகப் படித்தோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவார். மனைவியின் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போன அன்று இப்படி மூன்று தடவை திரும்பினதில், இவர்கள் மண்டபத்துக்குள் நுழைகிறபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை முகத்தை இன்றுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிலையத்தில் தரை துடைக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். யாரும் முகத்துக்கு நேரே பேசுவதில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்கு ஓயாத அசதி. இதே நிலையத்தில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் ரத்தக் குழாயின் மேல் ஒரு துண்டுக் காகிதம் சுற்றி, பேரையும் வரிசை எண்ணையும் பேனாவால் எழுதுவார்கள். ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரத்தத்தில் இருக்கக்கூடாத அணுக்கள் இருக்கின்றன என்றார் டாக்டர்.

மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் சமையலறை வாசலில் நின்று மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் வெங்காயம் நறுக்கினாலும் பயம், நறுக்காமல் உட்கார்ந்தாலும் பயம். நான்காம் நாள் நிலையத்திலிருந்து போன் வந்தது. குழாய் மாறிவிட்டதாம். அதே பேரில் இன்னொரு பெண் அன்றைக்கு வந்திருக்கிறாள். மனைவியின் எண் எண்பத்து மூன்று, அவளுடைய எண் எண்பத்தெட்டு. எழுதினவர் கையில் மூன்று வாயை மூடிக்கொண்டு எட்டாகிவிட்டது.

ஓடினார்கள். அங்கே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக ‘ஒன்றுமில்லை’ என்ற காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினவள். எதற்கோ கூப்பிட்டார்கள் என்று வந்திருக்கிறாள், இன்னும் யாரும் சொல்லவில்லை. இவர்களைப் பார்த்துச் சிரித்து, பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார், அது அங்கேயே பொடியாகிப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்களே.

அடுத்த வருஷம் அதே நிலையத்தில் பதிவு மேசைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இவர் போய் நின்றார். பாம்புப் புற்றுக்குள்ளேயே போய் உட்காருகிறீர்களே என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். தூரத்தில் இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது என்றார் அவர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லேபிள் பிரிண்டர் வந்தது. சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. பேர், வயது, எண், அதற்குக் கீழே மெஷின் படிக்கிற கோடுகள் எல்லாம் ஒட்டுத்தாளில் வந்து விழும். மாடியில் இருக்கிற மெஷின் கோடுகளைப் படித்துக்கொள்ளும், மனிதக் கண்ணுக்கு வேலையே இல்லை. அது வந்த நாளிலிருந்து அவருக்கு இரண்டு கிலோ எடை கூடியது என்று டோக்கன்காரர் சொல்லுவார். தினமும் வேலை முடிந்ததும் அதை மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பிரிண்டரை ஓட்டுகிற கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தது மனைவியின் தம்பி. வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வைரஸ் தொல்லை இருக்காது என்று நிலையத்தை நடத்துகிற டாக்டரம்மாவிடம் பேசி அவன்தான் ஏற்பாடு செய்தான். போகும்போது அத்தானுக்கு இரண்டே இரண்டு வரி கட்டளை எழுதிக்கொடுத்தான். முதல் வரியை அடித்தால், கம்ப்யூட்டரில் என்னென்ன மென்பொருள் இருக்கிறதோ அத்தனை பேரையும் ஒரு கோப்பில் எழுதிவிடும். இரண்டாவது வரி அதற்கு எதிர்வேலை. என்றைக்காவது டிஸ்க் செத்துப்போனால், புது டிஸ்க்கில் லினக்ஸைப் போட்டு இந்தக் கோப்பைக் காட்டினால், கம்ப்யூட்டர் அதிலுள்ள பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு இன்டர்நெட்டிலிருந்து உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும். நோயாளிகள் விவரமெல்லாம் மாடியில் வேறு பெட்டியில் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்த லிஸ்ட் மட்டும் கையில் இருக்கட்டும் என்றான்.

லிஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். தன்னைப் போலவே பயப்படுகிற ஒரு மெஷினை உலகத்தில் முதல் தடவையாகச் சந்தித்தவர் மாதிரி இருந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் லிஸ்ட் எடுத்துப் பென் டிரைவில் போட்டு, பென் டிரைவை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, கூட்டைச் சட்டைக்குள் பனியனோடு ஊசி குத்தி வைத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கிற அக்கா அதற்குத் தாயத்து என்று பேர் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டருக்குள் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நறநறவென்று ஐந்து நிமிஷம் கேட்டது. அப்புறம் திரை கறுத்துப்போயிற்று.

டாக்டரம்மா வந்து பார்த்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தையல் தொழிற்சாலையிலிருந்து அறுபது பேர் வருஷாந்திரப் பரிசோதனைக்கு, வெறும் வயிற்றோடு வருகிறார்கள். அதை அவருக்கு ஞாபகப்படுத்திவிட்டுச் சொன்னாள்:

“காலையில லேபிள் வரணும்.”

“வரலன்னா மேடம்?”

“வரலன்னா என்ன, பேனாதான்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இவர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

அலமாரியில் புது டிஸ்க் ஒன்று இருந்தது. இருக்காமல் எப்படி, நிலையத்து அலமாரிக்கென்று அவர் எழுதி வைத்த லிஸ்ட்டில் அது எட்டாவது வரி. அதை மாட்டி, மைத்துனனைப் போனில் பிடித்துவைத்துக்கொண்டு லினக்ஸைப் போட்டார். மூன்றரை மணிக்கு அது முடிந்தது. பனியனிலிருந்து ஊசியைக் கழற்றிப் பென் டிரைவைச் செருகினார்.

“லிஸ்ட்டு எத்தனை வரின்னு காட்டுது அத்தான்?” என்றான் மைத்துனன்.

“எண்ணூத்துச் சொச்சம்.”

“எண்ணூறா? ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கணுமே.”

இவர் திரையில் இருந்த எண்ணை மறுபடி விரலால் தொட்டுப் படித்தார்.

“அத்தான், ஏதாச்சும் பண்ணீங்களா?”

பண்ணியிருந்தார். முதல் தடவை லிஸ்ட்டைத் திறந்து பார்த்தபோது, பாதிக்கு மேல் வரிகள் ‘லிப்’ என்றே ஆரம்பித்தன. அது என்னவென்று டோக்கன்காரரிடம் கேட்டார். டோக்கன்காரர் பத்தாவது வரை படித்தவர். அது லைப்ரரியின் சுருக்கம் என்று அடித்துச் சொன்னார். ரத்தம் எடுக்கிற இடத்தில் நூலகம் எதற்கு என்று இவர் யோசித்தார். தேவையில்லாத சாமானைச் சுமப்பானேன்? ஒவ்வொரு சனிக்கிழமையும் லிஸ்ட் எடுத்த கையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, லிப் வரிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் கூட்டில் போடுவார். அதை ஏதோ அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுமையாக, பெருமையாகச் செய்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. மறுமுனையில் ஒரு மாதிரி இழுவையாக ஏதோ கேட்டது. மைத்துனன் அழுகிறான் என்று நினைத்துவிட்டார். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான்.

பயப்படாதீர்கள் என்றான் கடைசியில். அந்த லிப் எல்லாம் மற்ற மென்பொருளோடு கூட வருகிற கும்பல், மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் அவனோடு சித்தப்பா பெரியப்பா எல்லாரும் வேன் பிடித்துத் தானாக வந்துவிடுவார்கள், தனித்தனியாகப் பத்திரிகை வைக்க வேண்டியதில்லை என்றான். இரண்டாவது வரியை அடிக்கச் சொன்னான்.

அடித்தார். திரையில் பேர்கள் ஓட ஆரம்பித்தன. லிப், லிப், லிப் என்று அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் துரத்திவிட்ட அத்தனை பேரும் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. வந்தவர்களை மரியாதையாக நின்றுகொண்டே பார்த்தார்.

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. நோயாளி பதிகிற திரை பழையபடி வந்தது. சோதனைக்குத் தன் பேரையே போட்டு லேபிள் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் முனகியது. ஒட்டுத்தாள் வந்தது. அதில் பேர் இல்லை, எண் இல்லை, கோடும் இல்லை. எறும்பு செத்துக் கிடந்த மாதிரி என்னென்னவோ குறிகள். இரண்டாவது லேபிளிலும் அதேதான். நிறுத்து நிறுத்து என்று இவர் பொத்தானை அழுத்த அழுத்த, அது இருபது லேபிளைக் கக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

மறுபடி போன். மைத்துனன் அதைப் பாருங்க இதைப் பாருங்க என்று அரைமணி நேரம் தேடச் சொன்னான். அவன் குரலில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது இவருக்கு நன்றாகத் தெரிந்தது.

“டிரைவர் இல்ல அத்தான்.”

“எந்த டிரைவர்? வண்டி நாளைக்குத்தானே வருது.”

“பிரிண்டரை ஓட்டுற சாப்ட்வேருக்கும் டிரைவர்னுதான் பேரு. அது யாரு போட்டது?”

பிரிண்டர் கம்பெனிக்காரர் ஒருவர் சிடி கொண்டுவந்து போட்டார் என்று இவர் சொன்னார். மைத்துனன் நீளமாக மூச்சு விட்டான்.

“அதான் விஷயம். முன்வாசல்ல கையெழுத்துப் போட்டு வந்தவங்க பேருதான் லிஸ்ட்டுல இருக்கும். அந்த ஆளு சிடியில இருந்து கையால தூக்கி உள்ள வச்சிட்டுப் போயிட்டாரு. பின்வாசல் வழியா வந்தவன் பேரு ரெஜிஸ்டர்ல எப்படி இருக்கும்?”

ஆறு வருஷம். முந்நூறு சனிக்கிழமை. வாரா வாரம் லிஸ்ட் எடுத்தார், ஊசி குத்தினார், நெஞ்சோடு சுமந்தார். எதற்காகச் சுமந்தாரோ அந்த ஒன்று மட்டும் அதில் இல்லவே இல்லை. கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்தி விரலில் ரத்தம் வந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டார். அந்த மாடல் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது, இணையதளத்தில் அதற்கு ஒன்றும் கிடையாது, பழைய சிடி இருக்கிற ஆள் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். ஆபீஸ் பிரிண்டரில் ஒட்டுத்தாளைக் கொடுத்துப் பார்த்தார். அது உள்ளே சுருட்டி வைத்துக்கொண்டு திருப்பித் தரமாட்டேன் என்றது.

அப்போதுதான் அந்தச் சிடி ஞாபகம் வந்தது. கம்பெனிக்காரர் அதை இவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். நிலையத்தில் வைத்தால் தொலைந்துவிடும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். எழுதிக்கூட வைத்திருக்கிறார். சிடி, ஒன்று, பீரோ, இரண்டாம் தட்டு.

வீட்டுக்கு ஓடினார். இரண்டாம் தட்டில் துண்டுகள்தான் இருந்தன. மூன்றாம் தட்டு, முதல் தட்டு, பீரோவுக்கு அடியில் எங்குமே இல்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்ன தேடுகிறீர்கள் என்றாள். சொன்னார். அவள் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். இவரும் பார்த்தார். வெளியே கம்பியில், நூலில் கட்டி, பளபளவென்று அது காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

“புறா வந்து அசிங்கம் பண்ணுது, ஏதாச்சும் பளபளன்னு கட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அது லிஸ்ட்டுல இருந்ததுடி.”

“வச்சதை எழுதினீங்க. எடுத்தா எழுதணும்னு எனக்கு யாரு சொன்னா?”

சண்டை போடத் தெம்பு இல்லை. நூலை அறுத்து எடுத்தார். நாலு வருஷ வெயில், மழை, புறாவின் அலகு. ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கத்தில் நகத்தால் கீறின மாதிரி கோடுகள். துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கோடுகள்தான் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

மறுநாள் ஐந்தரை மணிக்கே நிலையத்தைத் திறந்தார். மனைவியும் கூடவே வந்தாள். வேண்டாம் என்று இவர் சொல்லவில்லை. சிடியைப் போட்டார். அது உள்ளே போய்ச் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கப் போகிற ஆள் மாதிரி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு, தட்டை வெளியே நீட்டிவிட்டது. பத்துத் தடவை போட்டார், பத்துத் தடவையும் நீட்டியது.

ஆறே முக்காலுக்குத் தொழிற்சாலைப் பஸ் வந்து நின்றது.

அறுபது பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா அவர் மேசையில் ஒரு பேனாவை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். அவர் அந்தப் பேனாவைத் தொடவில்லை. தேள் கிடக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

“நீங்க எழுதுங்க. நான் அவங்க முன்னாடி சத்தமாப் படிக்கிறேன். ஆமான்னு சொன்னப்புறம்தான் குழாயில ஒட்டணும்.”

முதல் பன்னிரண்டு பேர் நல்லபடியாகப் போனார்கள். பதின்மூன்றாவதாக ஒரு சின்னப் பெண் பேரைச் சொன்னாள். எழுதினார். நாலைந்து பேர் தாண்டி, பதினெட்டாவதாக ஒரு நடுத்தர வயசுக்காரி வந்து உட்கார்ந்தாள். அதே பேரைச் சொன்னாள்.

அவர் கை நின்றுவிட்டது. பதின்மூன்று, பதினெட்டு. ஒரே பேர். மூன்றும் எட்டும். மனைவியும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் அதையேதான் நினைத்தாள் என்பது அவள் கண்ணில் இருந்தது. ரத்தம் எடுக்கிற அக்கா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன லிஸ்ட்டு, தூங்கிட்டீங்களா என்றாள்.

எழுதி முடித்த பதினேழு குழாய்களையும் வாங்கி முன்னால் வரிசையாக வைத்தார். பதின்மூன்றாவது குழாயின் எண்ணைப் பார்த்தார். அவர் எழுதின மூன்றுதான். ஆனால் பயந்த கை எழுதின மூன்று, அதன் மேல்வாய் பாதி மூடியிருந்தது. ஐஸ் பெட்டியில் ஈரம் பட்டால் மிச்சமும் மூடிக்கொள்ளும்.

எண்ணைக் கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே எழுத்தில் ‘பதிமூனு’ என்று எழுதினார். பதினெட்டாவது குழாயில் ‘பதினெட்டு’. எல்லாக் குழாயையும் அப்படியே மாற்றினார். மூன்றுக்கு வாய் மூடலாம், எழுத்தில் எழுதின மூனு எந்த வெயிலிலும் மழையிலும் எட்டு ஆகாது. அறுபதாவது குழாய் முடிகிறபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மாடியிலிருந்து டெக்னீஷியன் போன் பண்ணினார். மூணு என்பதற்கு மூன்று சுழி ண என்றார். ஆனாலும் எழுத்துத்தான் தப்பு, குழாய் ஒன்றுகூடத் தப்பில்லை என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி ஆள் வந்து, பழைய சிடியிலிருந்து டிரைவரைப் போட்டார். அவர் அடித்த ஒவ்வொரு வரியையும் இவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மேலட்டையில் ‘பின்வாசல்’ என்று எழுதினார். சிடியை இரண்டு படி எடுத்து, ஒன்றை டாக்டரம்மா மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார். எறும்புகள் போய் லேபிளில் பேர் வந்தது, எண் வந்தது, கோடு வந்தது. ரத்தம் எடுக்கிற அக்கா கைதட்டினாள்.

மத்தியானம் தொழிற்சாலை ரிப்போர்ட்டுகள் இறங்கி வந்தன. அடுக்கி உறையில் போடுகிற வேலை அவருடையது. பதினெட்டாவது காகிதத்தின் அடியில் டாக்டரம்மா சிவப்பு மையில் கோடு போட்டு, நேரில் வரச் சொல்லவும் என்று எழுதியிருந்தாள்.

அவர் மாடிக்குப் போனார். ஃபிரிட்ஜைத் திறந்து குழாயை எடுத்தார். பதினெட்டு. அவருடைய கையெழுத்துத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பதிமூனு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, அதன் இடத்தில் சரியாக இருந்தது. உள்ளே வைத்து மூடினார். மறுபடி திறந்து எடுத்துப் பார்த்தார். டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, மாறியிருக்கா என்றார்.

“மாறல” என்றார் இவர்.

பன்னிரண்டு வருஷமாகக் குழாய் மாறிவிடக் கூடாது, மாறிவிடக் கூடாது என்றே மூச்சு விட்ட மனிதர். அன்றைக்கு ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக, இது மட்டும் மாறியிருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

சாயங்காலம் அந்த நடுத்தர வயசுக்காரி வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள், புடவையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டரம்மா வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் பத்து நிமிஷம் ஆகும். இவர் மேசையைவிட்டு எழுந்து, உறையை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பேரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எண்ணைக் கேட்டார். அவள் எல்லாம் சொன்னாள்.

“அன்னைக்கே அத்தனை தடவை கேட்டீங்களே அண்ணே. இது எனக்குத்தானா?”

“உங்களுக்குத்தாம்மா” என்றார். உறையைக் கொடுத்தார். அப்புறம் எழுந்து போகவில்லை. டாக்டரம்மா கூப்பிடுகிற வரைக்கும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.